சுட்ட கறியிலும் சுத்தமா?

அமெரிக்கா தேசத்தில் டெக்ஸாஸ் மாகாணத்தில், புகையில் சுட்ட மாட்டுக்கறியைப் பற்றி ஒரு தகரார் நடந்து கொண்டிருக்கிறது. சுட்ட கறியைப் பற்றி என்ன தகரார் இருக்கக்கூடும் என்று வாசகர்கள் சிரிக்கலாம். கறி வெந்ததா வேகவில்லையா, உப்பு உண்டா இல்லையா, கொடுத்த காசுக்கு வயிறு நிறைந்ததா இல்லையா என்பதைத் தவிர வேறென்ன கேள்வி என்றும் கேட்கலாம். அங்கு நடக்கிற தகரார் அதுவல்ல. அந்தக் கறி "சுத்தமான" டெக்ஸாஸ் கறியா, அல்லது மெக்ஸிகோக்காரரின் சமையல் கலந்த கறியா என்பதுதான் தகரார். சுத்தம் என்கின்ற வார்த்தை எந்தத் தேசத்தில், எந்தப் பாஷையில் கிளம்பினாலும், அதன் பின்னால் யாரோ ஒருவன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பான். ஆதலால் இச்சங்கதியைச் சற்று விசாரிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

சான் அந்தோனியோ, ஆஸ்டின் முதலிய பட்டணங்களிலும் அவற்றைச் சுற்றியும் கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷ காலமாய் ஒருவிதச் சாப்பாட்டுக் கடைகள் பெருகி வருகின்றன. அங்கு ஆடம்பரம் ஒன்றுமில்லை. கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த பரிசாரகன் இல்லை. வரிசையில் நின்று முறை வந்ததும், கறியை அறுக்கிறவன் எதிரில் போய், எத்தனை ராத்தல் வேண்டும் என்று சொல்ல வேண்டியது. அவன் அறுத்துத் தராசில் போட்டு, தட்டின்மேல் விரித்த கசாப்புக் கடைக் காகிதத்தில் வைத்துக் கொடுப்பான். ஒரு பக்கம் கரிபோல் மேல்தோல் கறுத்து, உள்ளே பஞ்சுபோல் வெந்த மாட்டின் நெஞ்சுக் கண்டம். அதை அந்நாட்டார் பிரிஸ்கெட் என்பார்கள். பக்கத்தில் வெள்ளைக்காரன் தின்னும் ரொட்டித் துண்டுக்குப் பதிலாக, டோர்ட்டியா என்னும் மெக்ஸிகோ தேசத்து மெல்லிய ரொட்டி. ஜெர்மானியர் கொண்டுவந்த சாஸேஜ்; ஆனால் அதற்குள் மெக்ஸிகோ பச்சைமிளகாயும் பாலாடைக்கட்டியும். ஊறுகாய் என்று பார்த்தால், நம் வேலிகளில் முளைத்துக் கிடக்கிற சப்பாத்திக்கள்ளியின் ஜாதியைச் சேர்ந்த ஒரு கள்ளியின் மடல், முள் நீக்கி நறுக்கிப் புளிக்காடியில் ஊறப்போட்டது. எல்லாரும் நீண்ட பலகைகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கையாலேயே எடுத்து, ரொட்டியில் சுருட்டித் தின்று போகிறார்கள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? சாப்பிட்டவனுக்கு நஷ்டமில்லை, சமைத்தவனுக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்க்கிற சிலருக்கு மாத்திரம் பொறுக்கவில்லை.

முதலாவது கூட்டத்தார் டெக்ஸாஸ் சுத்தவாதிகள். "எங்கள் கறிக்கு உப்பும் மிளகும் ஓக் மரத்துப் புகையுமே போதும். மிளகாய்ச் சாறும் டோர்ட்டியாவும் சேர்த்தால் பரம்பரை கெட்டுப்போகும்" என்பது இவர்களுடைய கட்சி. இரண்டாவது கூட்டத்தார் மெக்ஸிகோ சுத்தவாதிகள். "டெக்ஸாஸ் எல்லைக்குள் வாழும் மெக்ஸிகோக்காரர் சமைப்பது மெக்ஸிகோ சமையலே அல்ல, அது கெட்டுப்போன கலப்படம்" என்பது இவர்களுடைய கட்சி. இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒருவருக்கொருவர் சத்துருக்கள் போலத் தோன்றினாலும், கலந்தது தாழ்ந்தது, கலவாதது உயர்ந்தது என்ற ஒரே பாடத்தைத்தான் இருவரும் படிக்கிறார்கள். ஆகையால் இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லுவோம்.

எது பரம்பரை?

பரம்பரை பரம்பரை என்கிறார்களே, அந்தப் பரம்பரையின் ஜாதகத்தைத்தான் பார்ப்போமே. பார்பெக்யூ என்ற சொல்லே ஆங்கிலேயனுடையதல்ல. கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகள் மரக்கொம்புகளால் பரண் கட்டி, அதன்மேல் மீனையும் வேட்டையையும் வைத்து, கீழே தீமூட்டிச் சுட்டார்கள். அவர்கள் சொல்லை "பார்பகோவா" என்று 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் எழுதி வைத்தார்கள். அந்தப் பூர்வகுடிகளில் பெரும்பாலோர் ஸ்பானியரின் கொடுமைக்கும் அவர்கள் கொண்டுவந்த நோய்க்கும் இரையாய்ப் போனார்கள். சொல் மாத்திரம் மிஞ்சியது. ஆக, பெயர் இரவல்.

சரி, கறியாவது சொந்தமா? அமெரிக்கக் கண்டத்தில் நம் மாட்டைப்போல வளர்ப்பு மாடே முன்பு கிடையாது. 1493ல் கொலம்பஸ் இரண்டாம் முறை வந்தபோதுதான் மாடும் பன்றியும் கப்பலிலிருந்து இறங்கின. ஆக, கறியும் இரவல். பக்கத்தில் வைக்கிற கோதுமை ரொட்டியும் வெங்காயமும் அப்படியே கடல் கடந்து வந்தவைதான்.

"உப்பும் மிளகும் மாத்திரமே" என்று மார்தட்டுகிறார்களே, அந்த மிளகு டெக்ஸாஸ் காட்டிலா காய்த்தது? அது நம்முடைய மேற்குமலைச் சாரலில் மலையாளக் கரையில் காய்த்த கொடி. அந்த மிளகைத் தேடிக்கொண்டு மேற்கே கப்பல் விட்டவர்கள்தான் வழி தவறி அமெரிக்காவில் போய் முட்டினார்கள். போன இடத்தில் மிளகு கிடைக்கவில்லை, மிளகாய் கிடைத்தது. அந்த மிளகாயை போர்த்துகீசியர் நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நாமும் மிளகைப்போல உறைக்கிற காய் என்று அதற்குப் பெயர் வைத்து, குழம்பில் போட்டு, இன்று அது இல்லாமல் சமையலே இல்லை என்கிறோம். ஐந்நூறு வருஷங்களுக்கு முன் இங்கே மிளகாய் வற்றல் இல்லை என்று சொன்னால் நம் வீட்டுப் பாட்டி நம்ப மாட்டாள். ஆகவே, மெக்ஸிகோ மிளகாய் தமிழன் குழம்பில் சேரலாம், மலையாள மிளகு டெக்ஸாஸ் கறியில் சேரலாம், ஆனால் அடுத்த வீட்டு மெக்ஸிகோ மிளகாய் மட்டும் டெக்ஸாஸ் கறியில் சேரக்கூடாது என்றால், இதற்கு என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

அடுத்த வீடு என்பதுகூடத் தவறு. ஒரே வீடு என்றுதான் சொல்ல வேண்டும். டெக்ஸாஸ் என்ற பூமி 1821 வரை ஸ்பெயின் ராஜாவின் ஆதிக்கத்தில் இருந்தது. பிறகு 1836 வரை மெக்ஸிகோவில் அடங்கியிருந்தது. பிறகு ஒன்பது வருஷம் தனி நாடாய் இருந்து, 1845ல்தான் அமெரிக்காவில் சேர்க்கப்பட்டது. எல்லைக்கோடு ஜனங்களின் தலைக்குமேல் நகர்ந்ததே தவிர, அங்கிருந்த மெக்ஸிகோக்காரர்களில் அநேகர் இடம்விட்டு நகரவில்லை. தன் வீட்டில் தன் அடுப்பில் சமைத்தவனை, கோடு நகர்ந்த மறுநாள் "நீ அன்னியன், உன் சமையல் கலப்படம்" என்பது எப்படிப்பட்ட யோக்கியதை? "டெக்ஸ்-மெக்ஸ்" என்று அச்சமையலுக்கு ஒட்டிய பெயர்கூட, 1875ல் ஏற்பட்ட டெக்ஸாஸ்-மெக்ஸிகோ ரயில் பாதைக்கு வழங்கிய சுருக்கப் பெயர்தான். ரயிலுக்கு அந்தப் பெயர் இருந்தவரை யாரும் இகழவில்லை. சாப்பாட்டுக்கு வந்ததும் இகழ்ச்சி வந்துவிட்டது.

1972ல் டயானா கென்னடி என்ற அம்மையார் மெக்ஸிகோ சமையல்களைப்பற்றி ஒரு பெரும் புத்தகம் வெளியிட்டார். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். மெக்ஸிகோவில் ஊர் ஊராய்த் திரிந்து, கிராமத்துப் பெண்களிடம் கேட்டுக் கற்று எழுதியவர். அந்த உழைப்பை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் அதற்குப் பின்பு, உள்நாட்டு மெக்ஸிகோ சமையல்தான் அசல், டெக்ஸாஸ் மெக்ஸிகோக்காரருடையது போலி என்று பிரித்துப் பேசுவது படித்தவர்களுக்குள் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. தலைமுறை தலைமுறையாய் அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டவனிடம் "உன் சாப்பாடு போலி" என்று சொல்வதற்கு எந்தப் புத்தகத்துக்கு அதிகாரம் இருக்கிறது?

இரண்டு சமையலா, ஒரே சமையலா?

நிற்க, இந்த இரண்டு சமையல்களும் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால், இவற்றைக் கலந்ததுதான் அதிசயமா, பிரித்ததுதான் அதிசயமா என்பது விளங்கும்.

மத்திய டெக்ஸாஸில் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரும் செக் தேசத்தாரும் குடியேறிக் கசாப்புக் கடைகள் வைத்தார்கள். ஐஸ் பெட்டிகள் இல்லாத காலம். விற்காமல் நின்ற கறியையும் மட்டமான கண்டங்களையும் கெடாமலிருக்கப் புகையில் சுட்டும், அரைத்துக் குடலில் அடைத்தும் விற்றார்கள். லாக்ஹார்ட் என்ற ஊரில் 1900ல் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட் இன்றும் அந்த வகைக்கு உதாரணமாய் இருக்கிறது. சாறு கிடையாது, முள்கரண்டி கிடையாது என்பதையே அக்கடை வெகுகாலம் பெருமையாய்ச் சொல்லி வந்தது. ஆனால் அந்தக் கறியைக் காகிதத்தில் வாங்கி, நின்றபடியே கையால் தின்றவர்கள் யார்? பருத்தி எடுக்கப் பட்டாளம் பட்டாளமாய் வந்த கூலிகளும் அவர்களுக்குள் அடக்கம். அவர்களில் கறுப்பு மக்களும் மெக்ஸிகோக்காரரும் ஏராளம். தட்டும் கரண்டியும் இல்லாமல் தின்றது கூலிக்காரனுடைய அவசரம். இன்றைக்கு அதுவே "பரம்பரை முறை" என்று சுவரில் எழுதி மாட்டப்படுகிறது.

தெற்கு டெக்ஸாஸில் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள். குதிரைமேல் ஏறி மாடு மேய்த்து, சூடு போட்டு, ஓட்டிச் சென்றவர்கள் மெக்ஸிகோ வாக்கேரோக்கள். மாடு அடித்தால் நல்ல கண்டமெல்லாம் முதலாளிக்கு. தலை, குடல், தோல், விலாவுக்குக் கீழே ஒட்டிக்கிடக்கும் நார்க்கறி ஆகியவை மேய்ப்பனுக்கு, அதுவும் கூலியில் ஒரு பங்காக. அந்தத் தலையை என்ன செய்வது? மண்ணில் குழி தோண்டி, மெஸ்கீட் என்ற மரத்தைக் கரியாக எரித்து, தலையை இலையிலோ ஈரச் சாக்கிலோ சுற்றி இறக்கி, மண்ணால் மூடி, இராத்திரி முழுவதும் விட்டு, விடியற்காலையில் எடுத்தார்கள். எலும்பிலிருந்து கறி தானே கழன்று விழுந்தது. அதை டோர்ட்டியாவில் வைத்துத் தின்றார்கள். அதுதான் தெற்கு டெக்ஸாஸின் பார்பகோவா. அந்த மெஸ்கீட் மரமும், நம் இராமநாதபுரத்துச் சீமையில் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு நன்றாய்த் தெரிந்த சீமைக்கருவேலமும் ஒரே இனத்து மரங்கள் என்றால், அதன் கனல் எப்படிப்பட்டது என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாட்டின் நெஞ்சு, அதன் உடல் பாரத்தைத் தாங்கி உழைக்கிற பாகம். தலையில் தாடைத் தசை, நாளெல்லாம் அசைபோட்டு உழைக்கிற பாகம். உழைக்கிற பாகம் எதுவோ அது முரடாக இருக்கும். கொலாஜன் என்னும் நார்ச்சத்து அதில் அதிகம். அதை அவசரத் தீயில் போட்டால் தோல்செருப்புப் போலாகும். மெல்லிய சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விட்டால் அந்த நார் உருகிக் கூழாகிக் கறி வெண்ணெயாகும். ஆகவே இரண்டு சமையல்களின் இரகசியமும் ஒன்றே. நல்ல கறி கிடைக்காதவன், தன்னிடம் எஞ்சியிருந்த நேரத்தையும் புகையையும் பொறுமையையும் கொண்டு கெட்ட கறியை நல்ல கறியாக்கினான். ஒருவன் மண்ணுக்குமேல் செய்தான், ஒருவன் மண்ணுக்குள் செய்தான். இவை இரண்டும் இன்று ஒரே தட்டில் வந்தால் அது கலப்படமா, அல்லது பிரிந்திருந்த அண்ணன் தம்பிகள் ஒரு பந்தியில் உட்கார்ந்ததா?

இன்னுமொரு வேடிக்கை. பிரிஸ்கெட்தான் ஆதிகாலத்து டெக்ஸாஸ் கறி என்று சாதிக்கிறார்களே, அது எல்லாக் கடைகளிலும் தலைமை வகித்தது 1960களுக்குப் பிறகுதான். மாட்டை முழுசாகவோ கால்பாகமாகவோ அனுப்பாமல், கண்டம் கண்டமாய் வெட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பும் வியாபாரம் அப்போதுதான் பெருகியது. அதற்கு முன்பு தோள்கறியும் முன்பாகத்தில் அகப்பட்ட எதுவும் சுடப்பட்டன. ஆகவே இவர்கள் காப்பாற்றுகிற பரம்பரைக்கு வயது அநேகமாய் நம் வீட்டுத் தாத்தாவின் வயதைவிடக் குறைவு!

டெக்ஸாஸ் மாத்திரமல்ல. வட கரோலினாவில் கிழக்குப் பகுதியார் காடியும் மிளகாயும் மட்டுமே சேர்ப்பார்கள். மேற்குப் பகுதியார் அதில் கொஞ்சம் தக்காளி சேர்ப்பார்கள். இதற்காக இரு கட்சியாரும் தலைமுறை தலைமுறையாய், யானைக்கு எந்த நாமம் போடுவது என்று சண்டையிட்டவர்களைப் போல வாதாடி வருகிறார்கள். கன்ஸாஸ் சிட்டி என்ற ஊரின் பேர்போன பார்பெக்யூவுக்குப் பிதா என்று சொல்லப்படுகிற ஹென்றி பெர்ரி என்ற கறுப்பர், அந்த ஊரில் பிறந்தவரேயல்ல. டென்னஸி மாகாணத்திலிருந்து வந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு கறி சுட்டு விற்று, 1940ல் இறந்தவர். வந்தவன் கை பட்டதால்தான் அந்த ஊருக்கே ஒரு ருசி ஏற்பட்டது. கலப்பைக் கழித்துவிட்டால் இவர்கள் தட்டில் மிஞ்சுவது காகிதம்தான்.

அடுப்பில் யார், மேஜையில் யார்?

இதுவரை சொன்னது ருசியைப் பற்றி. இனிச் சொல்லப்போவதுதான் முக்கியமான சங்கதி.

அமெரிக்காவின் தெற்கு மாகாணங்களில் அடிமை முறை இருந்த காலத்தில், எஜமானர்களின் விருந்துக்குக் குழி வெட்டியவனும் விறகு பிளந்தவனும் இரவெல்லாம் கண்விழித்துப் பன்றியைப் புரட்டிப் போட்டவனும் கறுப்பு அடிமையே. அந்தத் தொழில் முழுவதும் அவன் கையில் வளர்ந்தது. 1865 ஜூன் 19ந் தேதி டெக்ஸாஸில் கால்வெஸ்டன் என்ற ஊரில் விடுதலை அறிவிக்கப்பட்டது. மறுவருஷம் முதல் அந்நாளை அவர்கள் கொண்டாடத் தொடங்கியபோது, அதே கறியைத் தங்களுக்கென்று சுட்டுத் தின்றார்கள். கொண்டாடப் பொது இடம் கொடுக்க மறுக்கப்பட்டபடியால், ஹூஸ்டன் நகரில் நேற்றுவரை அடிமையாயிருந்த ஜனங்கள் காசு சேர்த்து, 1872ல் தாங்களே நிலம் வாங்கி, அதற்கு விடுதலைப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். அந்த நாள் நாடு முழுவதற்கும் சர்க்கார் விடுமுறை ஆனது 2021ல்தான்.

விடுதலை வந்து நூறு வருஷமான பிறகும் நிலைமை என்ன? அலபாமா மாகாணத்தில் பர்மிங்ஹாம் நகரில் ஆலீஸ் பார்பெக்யூ என்றொரு கடை. 220 பேர் உட்கார இடம். வேலை செய்தவர்கள் 36 பேர்; அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பு மக்கள். ஆனால் 1927 முதல் அந்தக் கடையின் மேஜையில் ஒரு கறுப்பரும் உட்காரக் கூடாது. பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். சமைத்தால் தீட்டில்லை, உட்கார்ந்தால் தீட்டு! அவன் கை கறியில் படலாம், அவன் உடம்பு நாற்காலியில் படக்கூடாது!

1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும், இந்தக் கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். "நான் உள்ளூர்க் கடைக்காரன். மத்திய சர்க்காருக்கு என்மேல் என்ன அதிகாரம்?" என்று கேட்டார். சுப்ரீம் கோர்ட்டு அவருடைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்தது. ஒரு வருஷத்தில் அக்கடை வாங்கிய ஏறக்குறைய 1,50,000 டாலர் சரக்கில், 69,683 டாலருக்கான கறி வெளி மாகாணத்திலிருந்து வந்தது என்பது தெரிந்தது. ஆகவே இது மாகாணங்களுக்கு இடையிலான வியாபாரத்தைத் தொட்டது, சட்டம் செல்லும் என்று 1964 டிசம்பர் 14ந் தேதி தீர்ப்பாயிற்று. இதன் வினோதத்தைக் கவனியுங்கள். வெளி மாகாணத்திலிருந்து வந்த செத்த மாட்டுக்கு மேஜையில் இடமிருந்தது. அதே ஊரில் பிறந்து, அதைச் சுட்டுப் பக்குவம் செய்த உயிருள்ள மனிதனுக்கு இடமில்லை. கடைசியில் அந்த மாட்டின் பயணக் கணக்கே மனிதனுக்கு நாற்காலி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று!

தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற பெயரில் பல கடைகள் வைத்திருந்த மாரிஸ் பெஸிங்கர் என்பவர் இன்னும் ஒருபடி மேலே போனார். கறுப்பரோடு வெள்ளையரைச் சேர்த்து உட்கார வைக்கச் சொல்லும் சட்டம் கடவுளின் சித்தத்துக்கு விரோதமானது, ஆகையால் செல்லாது என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். கடவுளுக்கு வேறு வேலையில்லை, பன்றிக்கறிக் கடையில் யார் எந்தப் பலகையில் உட்காருகிறார்கள் என்று கணக்கெடுத்துக் கொண்டிருந்தார் போலும்! 1968ல் அந்த வழக்கும் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. இப்படிப்பட்ட வாதங்கள் அற்பமானவை என்று தள்ளப்பட்டதோடு, உரிமைக்காக வழக்காடி ஜெயித்தவர்களுக்கு வக்கீல் செலவும் கிடைக்க வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. மனிதனுக்கு மனிதன் செய்யும் அக்கிரமத்துக்குச் சமாதானம் கிடைக்காதபோது கடவுளைச் சாட்சிக்கு இழுப்பது எந்தத் தேசத்திலும் ஒன்றுபோலத்தான் நடக்கிறது.

டெக்ஸாஸின் கதையும் இதுவே. 1940களிலும் அங்கு எத்தனையோ சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் மெக்ஸிகோக்காரருக்கு இடமில்லை என்று பலகை தொங்கியது. மகாரியோ கார்சியா என்பவர் மெக்ஸிகோவில் பிறந்து, டெக்ஸாஸில் பருத்தி எடுத்த கூலி. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மனியில் போரிட்டு, 1945 ஆகஸ்டில் ஜனாதிபதி ட்ரூமன் கையால் அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றவர். அடுத்த மாதமே அவர் ரிச்மண்ட் என்ற ஊரில் ஒரு கடையில் சாப்பிடப் போனபோது, மெக்ஸிகோக்காரர் என்பதற்காகச் சாப்பாடு மறுக்கப்பட்டது. கைகலப்பாயிற்று, வழக்கும் போடப்பட்டது அவர்மேல்தான். பிறகு அது கைவிடப்பட்டது. தேசத்துக்காக இரத்தம் சிந்தலாம், தேசத்தின் மேஜையில் காசு கொடுத்து உட்காரக் கூடாது என்பதுதான் அன்றைய நீதி.

தோழர்களே! இப்போது சுத்தவாதியின் பேச்சை மறுபடியும் கேட்டுப் பாருங்கள். "மெக்ஸிகோ ரொட்டி எங்கள் கறிக்குப் பக்கத்தில் கூடாது" என்பது வெறும் ருசிப் பேச்சாகவா காதில் விழுகிறது? நாற்காலியில் நடந்த தீண்டாமை சட்டத்தினால் ஒழிந்தபிறகு, அதே சொல் தட்டில் வந்து ஒளிந்துகொண்டிருக்கிறது. இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு பேசுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. அநேகர் கேட்டதைத் திருப்பிச் சொல்லுகிறவர்களே. ஆனால் யோசியாமல் திருப்பிச் சொல்லப்படும் வார்த்தைகளினால்தான் அக்கிரமங்கள் சாகாமல் இருக்கின்றன.

கலப்பு என்று சொன்னால் மாத்திரம் போதுமா?

இவ்வளவு சொன்னதினால், இரண்டு சமையலைக் கலந்த கடையெல்லாம் சமதர்மக் கோட்டை என்று நாம் கொண்டாடப்போவதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தட்டில் கலப்பு இருந்தால் மனிதரில் சமத்துவம் வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஆலீஸ் பார்பெக்யூவின் அடுப்படியில் இரு நிறத்தாரும் கலந்துதான் இருந்தார்கள். கறுப்பரின் கைவண்ணமும் வெள்ளையரின் முதலும் கலந்துதான் அந்தக் கறி வெந்தது. அந்தக் கலப்பினால் யாருக்கு மானம் வந்தது? சமைக்கத் தெரிந்தவனின் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவனை வாசலில் நிறுத்துவதும் ஒரு கலப்புத்தான். அது திருட்டுக் கலப்பு.

சான் அந்தோனியோ சதுக்கங்களில் 19ஆம் நூற்றாண்டு முதல் மெக்ஸிகோப் பெண்கள் மாலை நேரத்தில் விளக்கேற்றி, மேஜை போட்டு, மிளகாய்க்கறி விற்று வந்தார்கள். ஊரெல்லாம் அவர்களை "மிளகாய் ராணிகள்" என்று புகழ்ந்தது. அந்த ருசியைத் தூளாக்கிப் புட்டியில் அடைத்து 1890களில் விற்று வியாபாரமாக்கியவர் ஒரு ஜெர்மானியர். ராணிகளோ 1930களில் சுகாதார விதிகளின் பேரால் சதுக்கத்தைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள். மண்ணுக்குள் தலையைப் புதைத்துச் சுடும் பழைய முறையும் சுகாதார விதிகளினால் கடைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. பிரவுன்ஸ்வில் என்ற எல்லையோர ஊரில் 1955ல் தொடங்கிய வேராஸ் என்ற கடை ஒன்றுதான் அம்முறையை விடாமல் காத்து வந்ததென்று 2020ல் தேசிய கௌரவம் பெற்றது. சுகாதாரம் வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஏழையின் குழியை மூடிவிட்டு, ஏழையின் ருசியை மட்டும் பணக்காரன் கடைக்கு மாற்றுவது சுகாதாரமல்ல.

விலையையும் பாருங்கள். கூலிக்காரனுக்கு எறிந்த நெஞ்சுக் கண்டம் இன்று பேர்போன கடைகளில் ராத்தல் 30 டாலருக்கு மேல் விற்கிறது. மேய்ப்பனுக்குக் கூலியாய்த் தள்ளிய நார்க்கறியும் "ஃபஹீட்டா" என்ற பெயரில் ஓட்டல்களில் உயர்ந்த விலைப் பண்டமாகிவிட்டது. கண்டுபிடித்தவன் பேரன் வரிசையில் நின்று வாங்க முடியாதபடி விலை ஏறிவிட்டால், கடையின் சுவரில் அவன் பாட்டியின் படத்தை மாட்டுவதால் என்ன பிரயோஜனம்?

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இப்போது கிளம்பியிருக்கிற இந்தக் கடைகளில் பலவற்றை நடத்துகிறவர்கள் டெக்ஸாஸ் மெக்ஸிகோக்காரரே. தங்கள் பாட்டி சுட்ட டோர்ட்டியாவையும் தங்கள் ஊர்ப் புகைக்கறியையும் ஒரே தட்டில் வைக்க யார் உத்தரவும் வேண்டியதில்லை என்று தைரியமாய்க் கடை திறந்திருக்கிறார்கள். முன்பு அடுப்படியில் பெயரில்லாமல் நின்றவன், இன்று பெயர்ப்பலகையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளுகிறான். இதுதான் இந்தக் கலப்பில் நாம் மெச்சத்தக்க அம்சம். ருசி அதற்குப் பின்னால்தான்.

ஆகவே வாசகர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், எந்தச் சாப்பாட்டைப்பற்றியாவது ஒருவன் "இது சுத்தம், இது கலப்படம்" என்று பேசத் தொடங்கினால், ருசியைப்பற்றி அவனோடு வாதாடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். மூன்று கேள்விகளை மாத்திரம் கேளுங்கள். அடுப்பில் நின்றவன் யார்? மேஜையில் உட்கார அனுமதிக்கப்பட்டவன் யார்? இலாபத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டவன் யார்? இந்த மூன்றுக்கும் ஒரே மனிதனைக் காட்ட முடிகிற கடையில், கறியோடு ரொட்டி சேர்ந்தாலும் சரி, மிளகாய் சேர்ந்தாலும் சரி, அது சுத்தமான சாப்பாடு. காட்ட முடியாத கடையில், உப்பையும் மிளகையும் தவிர வேறொன்றும் சேராவிட்டாலும் அது அசுத்தமான சாப்பாடே என்பது நமது அபிப்பிராயம்.